ஈரத்துணி

பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்கள். மெக்கானிக் அலெக்சாண்டர் மாலையோடு நின்றிருந்தார். ஞானசேகரனின் தாய்மாமன் கோவிந்தராஜன் கதவு நிலையில் கையை ஊன்றி அவரை மறித்திருந்தார்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு வந்த நீ? போன வாரம்தானே வண்டி உன் ஷெட்ல இருந்துச்சு? நீ ஒழுங்கா பாத்திருந்தா எங்க மச்சான் நடுரோட்டுல போயிருப்பாரா?"

அலெக்சாண்டர் மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஞானசேகரனுக்கு எல்லாம் கேட்டது. நேற்றிலிருந்து அவன் ஒன்றையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருந்தான். நெஞ்சு வலி என்றதும் ஆட்டோவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். "சொந்த வண்டி நிக்கும்போது ஆட்டோக்காரன்கிட்ட எதுக்குடா கெஞ்சணும்?" என்று அப்பா சொன்னதும் அவன் சாவியை எடுத்துவிட்டான். உச்சி வெயிலில் சிக்னல் சிக்னலாக நின்று நின்று போன அந்தப் பழைய கார், ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு முன்னால் இருமிக்கொண்டே நின்றது.

"பம்பு சூடாயிருக்கும். ஈரத்துணி போடுடா," என்றார் அப்பா, பின்சீட்டில் சாய்ந்தபடி.

பெட்ரோல் பம்பின் மேல் துணியை நனைத்துப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் அந்தக் கார் கிளம்பிவிடும். நேற்றும் கிளம்பியது. பானெட்டை மூடிவிட்டு அவன் திரும்பியபோது அப்பாவின் தலை ஜன்னல் கண்ணாடியில் சரிந்திருந்தது.

போன வாரம் ஷெட்டில் அவனும் கூட இருந்தான். "சார், பம்பு போயிடுச்சு. மாத்தாம ஓட்டாதீங்க," என்று அலெக்சாண்டர் இரண்டு முறை சொன்னார். அப்பா சிரித்தார். "துணி போட்டா ஓடுற வண்டிக்குப் புது பம்பு எதுக்கு? நீயும் மத்த மெக்கானிக்குங்க மாதிரி ஆயிட்டியாப்பா?" எத்தனையோ ஷெட் ஏறி இறங்கி அலெக்சாண்டரைக் கண்டுபிடித்த அப்பா, தங்கள் ஏரியா ஆஸ்டின் டவுன் முழுக்க இவரைத்தான் பொய் சொல்லாத மெக்கானிக் என்று சொல்லித் திரிந்தவர், அன்றைக்கு மட்டும் நம்பவில்லை.

வாசலில் அலெக்சாண்டரின் குரல் கேட்டது. "ஆமாங்க. தப்பு என்னுதுதான். இன்னும் நல்லா பாத்திருக்கணும்."

ஞானசேகரன் நிமிர்ந்தான். அவர் இவன் பக்கம் பார்க்கவே இல்லை. பேசாமல் இருந்தால் எல்லாம் இதோடு முடிந்துவிடும். பேசினால், அப்பாவை வைத்துக்கொண்டே அப்பாவைக் குறை சொன்ன மாதிரி ஆகும். எது சரி என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிவதற்கு முன்பே எழுந்துவிட்டான்.

"மாமா, அவர் பம்பு மாத்தச் சொன்னாரு. அப்பாதான் வேணான்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"இன்னைக்குப் பேசுற பேச்சாடா இது? கெடத்தி வச்சிருக்கோம், அவர் மேலயே பழி போடுறியா?"

அப்பாவின் கால்மாட்டில் இருந்த அம்மா மங்களம் தலையைத் தூக்காமலே பேசினாள். "உன் மச்சான் அப்படித்தாண்ணா. ஸ்டவ்வுக்குப் புதுத் திரி வாங்கக் கூட வுடமாட்டாரு. வந்தவர உள்ள வுடு."

கோவிந்தராஜனின் கை நிலையிலிருந்து இறங்கியது.

அலெக்சாண்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மாலையைப் போட்டார். கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தூக்கும் நேரம் வந்தது. கொள்ளிச் சட்டியைக் கையில் வாங்கிய ஞானசேகரன் அலெக்சாண்டரைப் பார்த்து, "அண்ணா, முன்னால ஒரு பக்கம் நீங்க பிடிங்க," என்றான். மறுபக்கம் ஏற்கெனவே கோவிந்தராஜன் தோள் கொடுத்திருந்தார்.

தெரு முனையில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். "பள்ளம் இருக்குது, பாத்து வா," என்று மாமா சொல்வது பின்னால் கேட்டது. ஞானசேகரன் திரும்பிப் பார்த்தான். மாமா குள்ளம். பாடை அவர் பக்கம் சாய்ந்துவிடாமல், அலெக்சாண்டர் முழங்காலை மடக்கி மடக்கி நடந்துவந்துகொண்டிருந்தார்.