மூன்றாவது ஓலை

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பது எங்கள் கத்தோலிக்க வழக்கம். ஊரிகம் கோயிலின் குருவான நான் இரண்டு ஞாயிறு வாசித்தேன். மூன்றாவதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

பூசை முடிந்ததும் மணப்பெண் சவேரியம்மாள் வந்து நின்றாள். கோயிலில் பாடுகிறவள். ஆறு வருஷம் தவங்கிடந்து கிடைத்த பெங்களூர் ஆயர் இல்லத்து உத்தியோகத்துக்கு, அந்தக் குரலை விட்டுப் போக மனமில்லாமல், ஒரு மாதமாகப் பதில் எழுதாத மடையன் நான்.

“சாமி, எங்க ஓலைய வாசிக்கலியே. அவரு ஷிப்டுக்குக்கூட போவாம வந்து குந்தினு இருந்தாரு.”

“மறந்துட்டேம்மா.”

பூசை உடுப்பைக்கூடக் கழற்றாமல் பொய் சொன்னேன்.

“அடுத்த வாரம் மறந்துடாதீங்க சாமி.”

அடுத்த ஞாயிறு வாசித்தேன். சவேரியம்மாளுக்கும் சுரங்கத் தொழிலாளி ராயப்பனுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவித்துவிட்டு, முறைப்படி சற்று நிறுத்தினேன். எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் என்னையே பார்த்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே தடையை விழுங்கிக்கொண்டு அடுத்த ஜோடியின் ஓலையை எடுத்தேன்.