அக்கா திரும்பி வராத கதை

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. போதகர் கேட்டார். சபையின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கத்தில் ஒரு சிறுகதை வேண்டுமாம். 'ஏன் சிலர் ஆலயத்துக்கு வருவதில்லை?' என்பது பொருள். கடைசியில் ஒருவர் திரும்பி வந்துவிட வேண்டும்.

"முடிவு நல்லா இருக்கணும் தம்பி. படிச்சவங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு மலரை மூடி வைக்கணும்" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

எழுத்துதான் என் பிழைப்பு. மிக்ஸி வாங்கினால் பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று இருக்குமே, பிரிக்காமலே குப்பையில் போடுவீர்களே, அதை எழுதுகிறவன் நான். சபைக் கமிட்டிக்குச் செயலாளரும் நான்தான். கூட்டத்தில் நடப்பதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுவேன். அதையும் யாரும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான்

(இந்த வாக்கியத்தைப் பிறகு முடிக்கிறேன். இப்போதே முடித்தால் உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும்.)

2

முதல் தொடக்கம்: 'அவள் வழிவிலகிப் போனாள்.'

அடித்துவிட்டேன். அக்கா எங்கும் போகவில்லை. ஆலயத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, என் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். வழி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: 'அன்று கதவு சாத்திக்கொண்டது.'

இதுவும் பொய். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாது. அத்தான் சாத்தினார். அக்காவின் இடது கை விரல்கள் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் இருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் சாத்தினார். [அத்தான் என்றால் அக்காவின் கணவர். ஞாயிறுதோறும் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர். கணீரென்ற குரல். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இப்போதும் அதைக் கேட்டால் எனக்குப் புல்லரிக்கிறது.]

அக்கா லேபில் ரத்தம் எடுப்பவள். நரம்பைக் கண்ணால் தேடக் கூடாது, விரலால் தேட வேண்டும் என்பாள். முழங்கை மடிப்பில் இடது ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். குழந்தைகள் அழ ஆரம்பிப்பதற்குள் ஊசியை எடுத்திருப்பாள். இன்று அந்த விரல் மடங்குவதில்லை. நுனியில் உணர்ச்சியும் இல்லை. அவளை முன்மேசையில் உட்கார வைத்து, வருகிறவர்களின் பெயரைக் குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

3

கட்டுப் போட்ட கையோடு அக்கா என் வீட்டுக்கு வந்த அடுத்த ஞாயிறு, ஆலயத்துக்குப் பின்னால் உள்ள அறையில் கமிட்டி கூடியது. பத்தொன்பது வருடம் பாடகர் குழுவில் பாடியவள் புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள். அவள் முன்வரிசையில் நின்றால் பிள்ளைகளுக்கு அது என்ன சாட்சி, என்ன முன்மாதிரி? இதுதான் பேச்சு.

பாடகர் குழுத் தலைவி மட்டும் மெல்லக் கேட்டார். "அப்படின்னா அவர் வேதபாடம் வாசிக்கிறதையும் நிறுத்தணும்ல?"

"ஜெபம் பண்ணுவோம்" என்றார் போதகர்.

[வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கள் கூட்டங்களில் ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டால் வாக்குவாதம் முடிந்தது. எல்லாரும் எழுந்து கண்ணை மூட வேண்டும். ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருப்பவரிடம் யார் போய் குறுக்குக் கேள்வி கேட்பது?]

தீர்மானத்தையும் அந்த ஜெபத்துக்குள்ளேயே வைத்து முடித்துவிட்டார். "ஆண்டவரே, எங்கள் சகோதரிக்குக் கொஞ்ச காலம் ஓய்வு தாரும்." ஆமென் என்றோம். கமிட்டியில் அத்தானும் உண்டு; அவருடைய ஆமென்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகக் கேட்டது.

4

செயலாளர் பாத்திரத்தைப் பற்றி எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். என் முதல் பிரதியில் அவருக்கு அறுபது வயது. வழுக்கை. ஓயாத இருமல். பார்த்தவுடனே வாசகனுக்கு வெறுப்பு வரும்படி செதுக்கியிருந்தேன். எனக்கு நாற்பத்திரண்டு. தலை நிறைய முடி. இருமலும் கிடையாது.

விட்ட வாக்கியத்தை முடிக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் நான் மினிட்ஸ் புத்தகத்தில் இப்படி எழுதினேன்: 'கை உபாதை காரணமாக, தாமே கேட்டுக்கொண்டபடி, சகோதரி பாடகர் குழுவிலிருந்து விடுவிக்கப்படுகிறார். ஏகமனதாக ஏற்கப்பட்டது.'

அப்படி எழுதும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. முழுக்க என் சொந்தக் கற்பனை. என் முதல் சிறுகதை என்று அதைத்தான் சொல்ல வேண்டும். ஒன்பது பேர் கீழே கையெழுத்துப் போட்டார்கள். கை வலித்தால் பாடுவதற்கு என்ன என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அக்கா வாயால்தான் பாடுவாள்.

5

முதல் பிரதியை அக்காவிடம் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தாள்.

"போதகரைக் கிழிச்சிருக்க. உங்க அத்தானையும் விடல. இந்த வழுக்கைத் தலையன் யாருடா?"

"கற்பனைக்கா."

"நானா கேட்டுக்கிட்டேன்னு இவன் எழுதுறானே. நிஜப் புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கா?"

தலையாட்டினேன்.

"அப்ப அது நீதான்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. "சரி, கடைசியில நான் எதுக்குத் திரும்பி வர்றேன்? எவனாவது மன்னிப்புக் கேட்டானா?"

"எல்லாரும் அழறாங்கக்கா."

"அழுதா? என் விரல் மடங்கிடுமா? லேப்ல என்கூட ஒரு பொண்ணு இருக்கால்ல, ரெண்டு வருஷமா உங்க ஆலயத்துக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்கக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. என் கையைப் பாத்தா. இந்த ஆளு இன்னும் அங்க நின்னு வாசிக்கிறதைக் கேள்விப்பட்டா. இப்ப கேக்குறதே இல்ல. அவளுக்கு ஆண்டவர் மேல சந்தேகம் இல்லடா, உங்க மேலதான்."

"நீ ஜெபம் பண்றியாக்கா?"

"பண்றேன். கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு." காகிதத்தை என் மடியில் போட்டாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நானா கேட்டுக்கிட்டேன்கிற அந்த வரி போகணும். எல்லார் முன்னாடியும் போகணும்."



6

முடிவு அ (போதகருக்குப் பிடித்தது): அக்கா வெள்ளை உடையில் முன்வரிசையில் நிற்கிறாள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

முடிவு ஆ: வேதபாடம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அத்தானின் குரல் தழுதழுத்து, அவர்

வேண்டாம். அத்தானை எனக்குத் தெரியும்.

முடிவு இ, போன ஞாயிறு நடந்தது: கமிட்டியில் அந்த வரியை எழுந்து நின்று வாசித்தேன். "இது பொய். அக்கா கேட்கவே இல்ல. நானா எழுதினேன். அடிக்க அனுமதி கொடுங்க" என்றேன். அத்தான் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஜெபம் பண்ணுவோம்" என்றார் போதகர்.

எல்லாரும் எழுந்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். "இன்னும் முடிக்கல ஐயா" என்றேன், ஜெபத்துக்கு நடுவிலேயே. அவர் குரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். கதவை யார் சாத்தியது, எந்த விரல்கள், எல்லாவற்றையும் ஆண்டவருக்கும் கேட்கும்படி சொன்னேன். கண்ணைத் திறந்திருந்ததால் ஒன்று பார்த்தேன். பாடகர் குழுத் தலைவியும் கண்ணை மூடவில்லை.

ஆமென் சொன்ன கையோடு மினிட்ஸ் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். வரி அப்படியே இருக்கிறது. செயலாளர் பதவி போய்விட்டது. அதற்கு அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்நேரம் என் உடம்புக்கும் ஏதாவது வந்திருக்கும்.

7

இதுவரை எழுதியதைப் போதகருக்கு அனுப்பினேன். நேற்று ஃபோன் பண்ணினார். "கதையைப் போடுறோம் தம்பி. கொஞ்சம் சுருக்கிட்டேன். முடிவை மட்டும் நானே எழுதிட்டேன்."

எழுதட்டும். நான் இந்த முழுப் பிரதியை இருநூறு நகல் எடுத்திருக்கிறேன். மலர் வெளியாகும் ஞாயிறு காலை, ஆலய வாசலில் நின்று உங்கள் கையில் கொடுத்தவன் நான்தான். தள்ளிப் போகச் சொல்லியிருப்பார்கள். போயிருக்க மாட்டேன்.

இதற்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. மலரைத் திறங்கள். கதையின் கடைசி வரியில் அக்கா திரும்பி வந்திருப்பாள். அது அவள் செய்யாதது. மறுபடியும் ஒருவர் அவளுக்காக எழுதிவிட்டது. பேனாவை எடுத்து அந்த வரியை அடியுங்கள். வீட்டுக்குப் போய் அல்ல. இங்கேயே, ஆராதனை நடக்கும்போதே, பக்கத்தில் இருப்பவர் பார்க்கும்படி அடியுங்கள்.

அக்கா வருவாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். மதியம் வீட்டுக்குப் போனதும், எத்தனை பேர் அடித்தார்கள் என்று அவள் என்னிடம் கேட்பாள். எனக்குச் சொல்ல ஒரு எண் வேண்டும்.