இன்ஜினைப் பற்றி நான் சொன்ன பொய்

அயோவாவில் எங்கள் ஊர்க் கூட்டுறவுத் தானியக் களஞ்சியத்தில் இருபத்தாறு வருடமாக டீசல் இன்ஜின் பழுது பார்க்கிறேன். சோள லாரிகள், அறுவடை இயந்திரங்கள், எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். 'வெர்னா பார்த்துச் சொன்னால் சரி' என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை வைத்துத்தான் அன்று பொய் சொன்னேன்.

என் தம்பி லோவெல்லின் மனைவி கோராவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருடமாகியிருந்தது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக நாளைக்கு நான்கு தடவை மருந்துத் திரவத்தை உள்ளே விட்டு, பழையதை வெளியேற்ற வேண்டும். கிருமி வராமலிருக்கக் கதவு ஜன்னலைச் சாத்தி, முகமூடி போட்டு, பையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். அதனால் அந்தக் குடும்பம் அரை நாளுக்கு மேல் எங்கும் போனதில்லை. மகள் டெஸ்ஸுக்குப் பதிமூன்று வயது, மகன் ஹாலிஸுக்கு ஒன்பது. இரண்டு பேரும் மலையைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

வீட்டை விட்டுப் போக முடியாது என்றால் வீட்டையே கூட்டிக்கொண்டு போவோம் என்று கோரா ஒருநாள் சொன்னாள். படுக்கையறை, அடுப்பு, கழிப்பறையெல்லாம் உள்ளேயே இருக்கிற, பேருந்து அளவு வீட்டு வண்டி. புதிது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பழையதுதான், ஆனால் டீசல் வண்டியாக இருக்க வேண்டும் என்பதில் லோவெல் உறுதியாக இருந்தான். "மூணு வாரத்துக்கு வேண்டிய மருந்துப் பெட்டியோட மலை ஏறணும். பெட்ரோல் வண்டி பாதியிலயே மூச்சு வாங்கும்னு நீதானே சொல்லுவே" என்றான். சொன்னது நான்தான்.

என் மனதை அரித்தது வேறு விஷயம். மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் கோராவின் பேர் இருந்தது. மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அங்கே இருக்க வேண்டும். அவர்கள் போக நினைத்த மான்டானா மலைகள் எங்கே, ஆறு மணி நேரம் எங்கே. ஆனால் அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. வண்டி பார்க்க வா என்றார்கள், போனேன்.

முதலில் பார்த்தது நெடுஞ்சாலையோரம் ஒரு விற்பனைக்காரரிடம். பளபளவென்று இருந்தது. இன்ஜின்மேல் கை வைத்தேன், சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த தயாரிப்பு வாரத்தைப் பார்த்தால் பதினோரு வருடப் பழசு. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் அமுங்கியது. உள்ளே பலகை மழைநீரில் ஊறிப்போயிருந்தது. அதை விட்டுவர லோவெல்லுக்கு அரைமனதுதான், இருந்தாலும் கிளம்பிவிட்டோம்.

இரண்டாவது வண்டி ஹார்லன் என்ற ஊருக்கு அருகே, ஆரின் ஸ்கோவ் என்ற முதியவரின் பண்ணையில் நின்றது. நாற்பது வருடம் நெடுந்தூர லாரி ஓட்டியவர். அவருடைய மனைவியால் இனி வண்டியின் படியேற முடியாது, அதனால்தான் விற்கிறார் என்று சொன்னார். இன்ஜின் இருந்த பின்பக்கம் நான் போனதும், "கை வெச்சுப் பாருங்கம்மா. நேத்துலேருந்து கிளப்பவே இல்ல" என்றார். இன்ஜின் ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் வெள்ளைப் புகை, அதுவும் சீக்கிரமே அடங்கிவிட்டது. குளியலறையில் ஒருமுறை ஒழுகித் தரைப்பலகை மாற்றியதை அவரே கூட்டிப்போய்க் காட்டினார். கூரையில் ஏறிப் பார்த்தேன், ஒரு வெடிப்பில்லை. டயர் இரண்டு வருடத்தது.

கோரா இன்ஜின் பக்கமே வரவில்லை. படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காற்று எங்கிருந்தாவது வருகிறதா, பையை மாட்ட எந்த இடம் தோது என்று பார்த்துவிட்டு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் வெகு நாளாகப் பார்த்ததில்லை. ஹாலிஸ் மேல்படுக்கையில் ஏறிப் படுத்து, இது தன்னுடையது என்று அறிவித்துவிட்டான்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி. ஓடுகிற இன்ஜினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தேய்ந்திருந்தால் அந்த வாயிலிருந்து புகை குபுகுபுவென்று தள்ளும். திறந்தேன். லேசான ஆவிதான், நல்ல இன்ஜின் விடுகிற மூச்சு. நிமிர்ந்தேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோராவின் கணுக்கால்கள் வீங்கியிருந்தன.

"வேண்டாம்" என்றேன். "ரிங்கு தேஞ்சிருக்கு. ரொம்ப நாள் தாங்காது."

ஆரின் என் கையிலிருந்த மூடியை வாங்கினார். அந்தத் துளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பாத்தது அப்படின்னா, சரிம்மா" என்றார். மூடியை நிதானமாகத் திருகி இறுக்கினார். யாரும் கூப்பிடாமலே ஹாலிஸ் படுக்கையிலிருந்து இறங்கி வந்தான்.

திரும்பும்போது கோரா என் பிக்கப் வண்டியில் ஏறிக்கொண்டாள். லோவெல் பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டான். பத்து மைல் தாண்டியதும் கேட்டாள்.

"இன்ஜின் நல்லாத்தானே இருந்துச்சு, வெர்னா?"

சாலையோரம் வண்டியை நிறுத்தினேன். பொய்யை இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை. தொலைபேசியைச் சொன்னேன், ஆறு மணி நேரத்தைச் சொன்னேன். நீ எங்கேயோ மலையில் இருக்கும்போது அது வந்தால் அந்தப் பிள்ளைகளின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மூணு வருஷமா போனுக்காக உக்காந்திருக்கேன். பத்து வயசுல இருந்தா டெஸ், இப்ப என் உயரம். நான்னு சொன்னா அவளுக்கு ஞாபகம் வரது சாத்தின கதவுதான்" என்றாள். சற்றுப் பொறுத்து, "போன் வந்து நான் இல்லாமப் போனா அது என் தலையில. உன் தலையில இல்ல. ஆனா இன்னிக்கி எனக்காக நீ முடிவு பண்ணிட்டே. டாக்டருங்ககூட என்னைக் கேக்காம எதுவும் பண்ணதில்ல" என்றாள்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு லோவெல்லிடம் உண்மையைச் சொன்னேன். அவன் உள்ளே போய்விட்டான். மறுநாள் நான் தனியாக ஹார்லனுக்குப் போனேன். நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டதை ஆரின் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டார்.

"மூடியைத் திறந்தப்பவே தெரியும்மா" என்றார்.

அப்புறம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எதுக்கோ பயந்துகிட்டு சொல்றீங்கன்னு பட்டுச்சு. எதுக்குன்னு தெரியாம நான் குறுக்க பேசக் கூடாதில்ல."

ஆரினின் வண்டியையே வாங்கி, ஜூன் மாதம் அவர்கள் கிளம்பினார்கள். பெல்ட்டுகளையும் குழாய்களையும் நான்தான் மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் லோவெல் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. பயணத் தேதிகளைக் கோரா மருத்துவமனைக்குத் தெரிவித்தாள். சிறுநீரகம் கிடைத்தால் கூப்பிடுவோம், வந்து சேர முடியுமா என்பது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார்கள்.

பதினோராம் நாள் பிற்பகல், மேற்கு வயோமிங்கில் ஒரு முகாமில் நிற்கும்போது அழைப்பு வந்தது. கோரா அப்போது கொக்கியில் பையை மாட்டி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரத்தில் வர முடியும் என்று நர்ஸ் கேட்டார். சாலை வழியே பதினைந்து மணி நேரம். பக்கத்து ஊரிலிருந்து விமானம் மறுநாள் காலைதான். லோவெல் எங்கெங்கோ கேட்டுப் பார்த்தான், வழியில்லை. "அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க" என்று கோரா சொன்னாளாம். பை காலியாகும்வரை அசையாமல் இருந்துவிட்டுக் கதவைத் திறந்து, பிள்ளைகளிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டெஸ் அழுதாள், ஊருக்குத் திரும்பலாம் என்றாள். கோரா திரும்பவில்லை. மறுநாள் ஏரிக்கரையில் பாதிச் சுற்று நடந்தாள். ஹாலிஸ் பிடித்த இரண்டு மீனை நான்கு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். அங்கிருந்து வடக்கே மான்டானாவுக்கும் போய்விட்டுத்தான் ஊர் வந்தார்கள்.

அடுத்த அழைப்பு வரப் பத்தொன்பது மாதமானது. அந்தச் சிறுநீரகம் அவள் உடம்பில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதற்குள் இதயம் தளர்ந்துவிட்டது. என் வீட்டு மாடிப்படி ஏறினால் நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறாள். வருத்தப்படுகிறாயா என்று ஒருமுறை கேட்டேன்.

"சில நாள் ஆமா. சில நாள் இல்ல" என்றாள். "நீ கேக்காதே."

லோவெல் என்னிடம் பழையபடி பேசுகிறான், நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்துக்குக் கூப்பிடுகிறான். ஆனால் போன வருடம் டெஸ்ஸுக்கு ஒரு பழைய கார் வாங்கும்போது பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் காட்டினான். என்னிடம் சொல்லவில்லை, எனக்கே தெரிந்துபோயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் செய்தது சரி.