மார்லிஸ் கரிம வேதியியல் படித்த வருடம்

எங்கள் ஊர் ஹால்ஸ்டனுக்குப் பல் டாக்டர் ஒருவர்தான், ஆர்விட் லுண்டே. எழுபத்தொரு வயது. அடுத்த ஆள் வந்ததும் ஓய்வு எடுத்துக்கொள்வதாக ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்களும் வராமல் இல்லை. படிப்பை முடித்த கையோடு புது ஷூ பளபளக்க வந்து இறங்குவார்கள், கிளினிக்கைச் சுற்றிப் பார்ப்பார்கள், காபி குடிப்பார்கள், போய்விடுவார்கள். வந்தது பனி உறையும் ஜனவரி மாதமாக இருந்தால் காபிக்குக்கூட நிற்க மாட்டார்கள்.

நான் டார்லா. கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். உள்ளே பல் சுத்தம் செய்வது மார்லிஸ் டாஃப்டி. பத்தொன்பது வருடமாக ஊரில் எல்லார் வாயையும் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தவள். புதிதாக வரும் இளம் டாக்டர்களுக்கு எந்தக் கருவி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதில் தொடங்கி எந்தக் கடைவாய்ப் பல்லை விட்டுவைக்கலாம் என்பது வரை அவள்தான் சொல்வாள், மிகவும் பணிவாக, தான் சொல்வதே தெரியாதபடி.

அந்த வசந்த காலத்தில் மூன்றாவது இளம் டாக்டரும் கை குலுக்கிவிட்டுப் போன அன்று மார்லிஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "பேசாம நானே டாக்டருக்குப் படிச்சிட்டு வந்துடறேன்" என்றாள். நான் சிரித்தேன். ஆர்விட் சிரிக்கவில்லை. "எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று மார்லிஸ் பிறகு சொன்னாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று.

அவள் கணவன் கார்டி அறுவடைக் காலத்தில் சர்க்கரை ஆலைக்குப் பீட்கிழங்கு லாரி ஓட்டுபவன். அவன் கேட்டது ஒரே கேள்வி, இரவுச் சாப்பாட்டை யார் செய்வது என்று. நீதான் என்றாள் இவள். "அப்ப சீக்கிரமா பாஸ் பண்ணிடு, நம்ம ரெண்டு பேரு உடம்புக்கும் அதான் நல்லது" என்று சொல்லிவிட்டு அவன் லாரியைக் கழுவப் போய்விட்டான்.

முப்பது மைல் தள்ளி இருக்கும் கல்லூரியில் அவர்கள் மகள் பிரிட்டா முதல் வருடம் முடிக்கப்போகிறாள். பார்மசி படிக்க ஆசை. அந்தக் கல்லூரியில் மருத்துவம், பல், மருந்து என்று எதற்குப் போக நினைத்தாலும் வென்டல் ஓக்ஸ் என்ற உயிரியல் பேராசிரியரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுப்பது என்று ஆலோசனை சொல்வது அவர் வேலை. மார்லிஸ் தன் பழைய மதிப்பெண் பட்டியலை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். உறையைப் பெருமையோடு நீட்டினாளாம். அவர் அதில் இருந்த வருடத்தைப் பார்த்துவிட்டு, பத்து வருடத்துக்கு மேல் ஆன அறிவியல் பாடங்களைப் பல் மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை என்றார்.

"ஏன் சார், தண்ணி இன்னும் ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன்தானே?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"தண்ணி மாறல. அதைப் பத்தி நீங்க எழுதின பரீட்சைதான் கெட்டுப்போச்சு."

மறுபடியும் முதலிலிருந்து. பொது வேதியியல் இரண்டு பருவம், அது முடிந்தால்தான் கரிம வேதியியல் இரண்டு பருவம், அது முடிந்தால்தான் உயிர்வேதியியல். இடையில் உயிரியல், இயற்பியல், புள்ளியியல், மேடையில் பேசக் கற்றுத்தரும் ஒரு வகுப்பு. போதாததற்குக் கரிம வேதியியலின் முதல் பாதி இலையுதிர் காலத்தில் மட்டும், இரண்டாம் பாதி வசந்தத்தில் மட்டும் நடக்கும். ஒரு பருவம் தவறினால் ஒரு வருடம் போச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிட்டா வீட்டுக்கு வந்திருந்தாள். இறைச்சி சுற்றும் பழுப்புக் காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, கட்டம் கட்டமாகப் போட்டு, அம்மாவின் படிப்பைத் திட்டமிட உட்கார்ந்தாள். அம்மாவுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் வாய்ப்பு எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்? மேடைப் பேச்சு வகுப்பைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளச் சொல்லி மார்லிஸ் கெஞ்சியதும், இவள் மறுத்து அதை முதல் கட்டத்திலேயே பேனாவால் எழுதியதும் எனக்கு இருவருமே சொன்ன கதை.

ஒரு வருடத்தை மிச்சம் பிடிக்க வழி கண்டுபிடித்தவளும் பிரிட்டாதான். கோடையில் பத்து வாரத்துக்குள் பொது வேதியியல் இரண்டு பருவத்தையும் முடித்துவிடலாம், அப்படிச் செய்தால் இலையுதிர் காலத்திலேயே கரிம வேதியியலுக்குப் போய்விடலாம் என்று சொல்லிக் கட்டத்தில் எழுதினாள். எழுதி முடித்துத் தன் அறிவை மெச்சிக்கொண்டிருந்தபோதுதான் பேனா நின்றது.

"அம்மா, அது நான் எடுக்கற வகுப்பு."

"தெரியுமே. நீ எழுதும்போதே பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"இவ்வளவு அழகா எழுதறியே, நடுவுல எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

அந்தக் கோடை முழுவதும் மார்லிஸ் காலையில் வேதியியல், மதியம் பல் என்று இருந்தாள். நோயாளி வாயில் பஞ்சை வைத்துவிட்டு என்னவோ முணுமுணுப்பாள். என்ன என்று கேட்டால் தனிம அட்டவணை என்பாள். வாயைத் திறந்து வைத்திருப்பவர்கள் எதிர்த்துக் கேட்க முடியாதல்லவா? எப்படியோ நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள்.

இலையுதிர் காலம் வந்ததும் பிரிட்டா விதிகள் போட்டாள். வகுப்பில் பக்கத்தில் உட்காரக் கூடாது. சாப்பாட்டு டப்பாவை நீட்டக் கூடாது. கன்னத்தில் என்ன ஒட்டியிருந்தாலும் துடைத்துவிடக் கூடாது. மார்லிஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முதல் நாள் பேராசிரியை பெயர் கூப்பிட்டபோது 'டாஃப்டி, பிரிட்டா', 'டாஃப்டி, மார்லிஸ்' என்று அடுத்தடுத்து வந்தது. இருவரும் உறவா என்று அந்த அம்மாள் கேட்டார்.

"தூரத்துச் சொந்தம்" என்றாள் பிரிட்டா.

"முப்பது மைல் தூரம்" என்றாள் மார்லிஸ் பின்வரிசையிலிருந்து.

அதோடு வகுப்புக்கே விஷயம் தெரிந்துபோயிற்று. மறுவாரம் சாப்பாட்டு டப்பா வந்தது. அதில் இருந்த சாக்லேட் பார்களைத் தின்ற மற்றப் பிள்ளைகள் விதிகளையெல்லாம் ஒரேயடியாக ரத்து செய்துவிட்டார்கள்.

நாலாவது வாரம் முதல் பரீட்சை. பிரிட்டாவுக்கு எண்பத்தெட்டு. மார்லிஸுக்கு நாற்பத்தொன்று.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்று மதியம் கிளினிக்குக்கு வந்து ஐந்து பேருக்குப் பல் சுத்தம் செய்தாள், ஒருவரிடமும் பேசவில்லை. அது எங்களுக்கு விசித்திரமாக இருந்தது. ஐந்தாவதாக வந்த தபால்காரர் என் மேசைக்கு வந்து, தன் ஈறில் ஏதாவது மோசமான வியாதியா, மார்லிஸ் மறைக்கிறாளா என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் ஓக்ஸிடம் போய், இந்தப் பாடத்தை விட்டுவிடுகிறேன் என்றாள். கடைசித் தேதிக்குள் விட்டால் மதிப்பெண் பட்டியலில் தோல்வி என்று வராது, விலகினாள் என்று மட்டும் வரும். ஓக்ஸ் வாதாடவில்லை. படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு அவளிடமே கொடுத்தார். கடைசித் தேதி நவம்பர் ஏழு, இரண்டாவது பரீட்சை அக்டோபர் இருபத்து நாலு, தேதியை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். "உங்க கையில இருந்தா பத்திரமா இருக்கும். என் மேசையில எதை வச்சாலும் அடுத்த வருஷம்தான் கிடைக்கும்" என்றாராம்.

பிரிட்டா அதைக் கண்டுபிடித்தது வீட்டில்தான். சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தில் எல்லாக் கட்டங்களும் பென்சிலால் ஒரு வருடம் தள்ளி எழுதப்பட்டிருந்தன. என்ன இது என்று கேட்டாள். இயற்பியல் வகுப்பு கிளினிக் நேரத்தோடு மோதுகிறது என்றாள் மார்லிஸ். பொய் சொல்லும்போது அவளுக்குக் காது சிவக்கும். கார்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "காதைப் பாரு" என்று மகளுக்குச் சொன்னான்.

விடைத்தாள் வெளியே வந்தது. பிரிட்டா அதை ஒரு பக்கம் விடாமல் பார்த்தாள். கேலி செய்வாள் என்று எதிர்பார்த்த மார்லிஸ் அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தாள். ஆனால் பிரிட்டா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "நீ எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிருக்க" என்றாள். ஒவ்வொரு வேதிவினையையும் தனித்தனியாக, மருந்துப் பெயர் போலக் கற்று வைத்திருந்தாள் மார்லிஸ். எலக்ட்ரான் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கிருந்து பற்றாக்குறை இருக்கும் இடத்துக்குப் போகும், புத்தகத்தில் போட்டிருக்கும் அம்புக்குறி அதைத்தான் காட்டுகிறது, அது புரிந்தால் பாதிப் புத்தகத்தைத் தூக்கி வைத்துவிடலாம் என்று மகள் சொன்னாள். அன்று கார்டி செய்த மக்ரோனி தீய்ந்தது. மூவரும் அதைத்தான் தின்றார்கள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஞாயிறு தடுமாறியது பிரிட்டா. அந்த அத்தியாயம் வலக்கை, இடக்கை மாதிரி அமைந்த மூலக்கூறுகளைப் பற்றியது. ஒரு மூலக்கூறும் அதன் கண்ணாடி பிம்பமும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், எப்படித் திருப்பினாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. எது வலம், எது இடம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரிட்டா பிளாஸ்டிக் உருண்டைகளையும் குச்சிகளையும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். மார்லிஸ் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னாள். குருட்டாம்போக்கில் சொல்கிறாள் என்று நினைத்து மகள் கஷ்டமானதாக எடுத்துக் கொடுத்தாள். பதினொன்று கொடுத்தாள். பதினொன்றும் சரி.

"எப்படிம்மா?"

"அடியே, நான் பத்தொன்பது வருஷமா மேல் தாடையைக் கண்ணாடியிலதான் பார்க்கறேன். அதுல இடம் வலமாத்தான் தெரியும். கை தானா மாத்தி வேலை செய்யும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மார்லிஸ் பையிலிருந்து நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை எடுத்து மகளிடம் கொடுத்து, கார்டியை வாயைத் திறக்கச் சொன்னாள். அந்த மதியம் முழுக்க அவன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். தன் மகளின் படிப்புக்கு ஒரு தகப்பன் செய்யக்கூடியது இதற்கு மேல் எதுவும் இல்லை என்று என்னிடம் அவனே சொன்னான். ஒரு பல்லில் சொத்தை இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது பரீட்சையில் மார்லிஸுக்கு எண்பத்து நாலு. பிரிட்டாவுக்கு எழுபத்தொன்பது. கண்ணாடி பிம்பக் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கியது வகுப்பில் ஒரே ஒருவர்தான் என்று பேராசிரியை சொன்னார். யார் அது என்று பக்கத்தில் இருந்த பையன் கேட்டதற்குப் பிரிட்டா, "எங்க அம்மா. என்கிட்டதான் ட்யூஷன் படிக்கறாங்க" என்றாளாம். ஓக்ஸ் கொடுத்த படிவத்தின் பின்பக்கம் அதற்குள் அம்புக்குறிகளால் நிறைந்துவிட்டிருந்தது. நவம்பர் ஏழாம் தேதி அது எங்கே இருந்தது என்று மார்லிஸுக்கே தெரியாது.

எல்லாம் அப்படியே ஜெயமாக முடிந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த நாற்பத்தொன்று போகவில்லை. பருவ முடிவில் பி கிரேடும் இல்லாமல் சி கிரேடும் இல்லாமல் நடுவில் ஒன்று கிடைத்தது. இயற்பியலுக்காக ஒரு வசந்தம் முழுக்க அழுதாள். மேடைப் பேச்சில் முதல் உரைக்குத் தலைப்பு 'பல்லிடுக்கில் நூல் விடுவது எப்படி'. ஆரம்பித்து அரை நிமிடத்தில் பயம் போய், முன்வரிசையில் இருந்த ஒருவனை எழுப்பி வாயைத் திறக்கச் சொல்லிவிட்டாள். மறுவருடம் மூன்று பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு மறுத்தன. ஒன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. அந்த வசந்தத்தில் பிரிட்டாவுக்குப் பார்மசியில் இடம் கிடைத்தபோது மார்லிஸ் கேக் செய்தாள். கேக்கில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள், எல்லாரும் ஆளுக்கொரு துண்டு தின்றார்கள்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காத்திருப்போர் பட்டியலில் வைத்திருந்த கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தது நான். உள்ளே ஓடிப் போய்ச் சொன்னேன். அவள் ஒரு பெண்ணின் கீழ்வரிசையில் வேலையாக இருந்தாள். "இன்னும் நாலு பல்லு இருக்கு, இருக்கச் சொல்லு" என்றாள். நான் போய்ச் சேர்க்கை அலுவலகத்தாரிடம் அப்படியே சொன்னேன். அவர்களும் இருந்தார்கள். பேசி முடித்துவிட்டு அவள் கருவிகள் கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆர்விட் கதவுக்கு வெளியே நின்று, இன்னும் நாலு வருஷம் நான் நிற்க வேண்டுமா, என் முழங்காலைப் பற்றி யாருக்காவது அக்கறை உண்டா என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தார்.

ஆகஸ்ட் கடைசியில் அவளை நகரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அறையை ஒழுங்கு செய்தது பிரிட்டாதான். கூடத் தங்கும் இரண்டு இளம்பெண்களையும் உட்கார வைத்து, வீட்டில் சத்தம் எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்று விசாரித்தாளாம். பிறகு எனக்கும் போன் செய்து, அம்மாவுக்கு முதல் வாரமே உடற்கூறு வகுப்பு, கிளினிக் விஷயமாக யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். சரி என்றேன்.

வியாழக்கிழமையே நான் போன் செய்யும்படி ஆகிவிட்டது. தானியக் கிடங்கு வைத்திருக்கும் ஹார்லன் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மார்லிஸ் இடத்துக்கு வந்திருக்கும் புதுப்பெண் தொட்டால் கடித்துவிடுவேன் என்றார். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் யாரோ எலும்புகளின் பெயரை ஒப்பித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"அவர்கிட்ட போனைக் குடு" என்றாள் மார்லிஸ்.

அவள் என்ன சொன்னாள் என்று தெரியாது. ஹார்லன் கேட்டுக்கொண்டே இருந்தார். சரி சரி என்றார். பிறகு போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதுப்பெண்ணைப் பார்த்து வாயைத் திறந்தார்.