தோள் மாற்ற ஆளில்லை

அப்பாவின் டை முடிச்சை டெர்வ்லா மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. சவப்பெட்டிக்குள் குனிந்து கட்டுவது சுலபமாக இல்லை. அடக்க ஏற்பாடு செய்ய வந்தவர் போட்டுவிட்டிருந்த முடிச்சு மாலக்கி கில்டேயின் முடிச்சே அல்ல. இருபத்திரண்டு வருஷம் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்த மனிதர். டை தளர்ந்து அவரை யாரும் பார்த்ததில்லை.

"அமைச்சர் டார்பி அலுவலகத்துலேர்ந்து பேசறேங்க." இளம்பெண் குரல். "அமைச்சர் ரொம்ப வருத்தப்பட்டாரு. நாளைக்கு நேர்லயே வர்றாரு. சர்ச்ல ரெண்டு வார்த்தை பேசணும்ங்கறாரு. அப்புறம்... ஊர்வலத்துல பெட்டிக்குத் தோள் கொடுக்கணும்னும் ஆசைப்படறாரு. முடிஞ்சா முன்பக்கம்."

"முன்பக்கமா?"

"போட்டோவுக்கு..." குரல் தடுமாறியது. "வசதியா இருக்கும்னு."

டெர்வ்லா பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தாள்.

"தாராளமா வரட்டும். முன்பக்கம் இடது மூலை அவருக்குத்தான்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு வந்தாள். இந்த முறை முடிச்சு ஒரே வீச்சில் சரியாக விழுந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் டெஸ்மண்ட் டார்பி மீன்வளத்துறை அமைச்சராக இருந்தார். மாலக்கியும் அதே கட்சிதான். ஐரோப்பிய விவகாரக் குழுவின் மூத்த உறுப்பினர். அந்தக் குழுவில் அவர் பேசுவதைக் கேட்க நாலு பேர் இருந்தால் அதிகம். விதி எண், உட்பிரிவு, பக்கம் என்று அடுக்கி, சத்தம் போடாமல் பேசுவார். "மாலக்கி எழுந்தா மொழிபெயர்ப்பாளருக்கே கொட்டாவி வந்துடும்" என்று சொந்தக் கட்சிக்காரர்களே சிரிப்பார்கள். ஆனால் சொந்த ஊரான ராஸ்கீல் துறைமுகத்தில் மீனைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் நிறுக்க வேண்டும் என்ற விதி, அவர் நாலு வருஷம் விடாமல் பேசிப் பேசிக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு மீன்பெட்டியில் தேங்கிய கடல்தண்ணீரும் மீனோடு சேர்ந்து எடைக்கு வந்து, மீனவர்கள் பிடிக்க அனுமதித்த அளவான கோட்டாவைத் தின்றுகொண்டிருந்தது. அதை மாற்றியது யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் டார்பி ஐரோப்பியப் பேச்சுவார்த்தைக்குப் பிரஸ்ஸல்ஸுக்குப் போய், கானாங்கெளுத்தி கோட்டாவில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார். மன்றத்தில் கேள்வி எழுந்தது. "அந்தக் கடற்கரையின் உறுப்பினர் மாலக்கி கில்டேயின் முழுச் சம்மதத்தோடுதான் கையெழுத்திட்டேன்" என்றார் டார்பி, நிமிர்ந்து நின்று. மாலக்கி எழுந்தார். விவாதத்துக்கான நேரம் முடிந்துவிட்டது என்று அவைத்தலைவர் அவரை உட்காரச் சொன்னார். அன்று மாலை அந்த ஒரு வாக்கியம் வானொலியில் வந்தது. ராஸ்கீலில் வானொலி பாடாத படகு கிடையாது.

பதினோரு படகுகள் விலைக்குப் போயின. மாலக்கியின் தம்பி மேனஸின் படகும் அதில் ஒன்று. அன்றிலிருந்து மேனஸ் அண்ணன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஐஸ் ஃபேக்டரி ப்ரோகன், மாலக்கியைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனான். கடைக்காரி யூனா மீதிச் சில்லறையை அவர் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துத் தள்ளினாள். அடுத்த தேர்தலில் சொந்த ஊரே அவரைத் தோற்கடித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பின்சந்து வழியாகப் போகப் பழகிக்கொண்டார்.

அவருக்கு உதவியாளராக இருந்தது டெர்வ்லாதான். 'மன்றப் பதிவைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்' என்று டார்பிக்கு வருஷத்துக்கு ஒரு கடிதமாக ஒன்பது கடிதங்களையும் தட்டச்சு செய்தவை அவள் விரல்கள். ஒவ்வொன்றுக்கும் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஒரே வரி பதில்.

"ரேடியோக்காரங்கள கூப்பிட்டுச் சொல்லுங்கப்பா" என்று அவள் கத்தியிருக்கிறாள்.

"மன்றத்துல சொன்ன பொய்ய மன்றத்துலதான் திருத்தணும்" என்பார் மாலக்கி. "நான் குழுவுல சொன்னது அச்சுல இருக்கு. படிக்கிறவன் படிச்சுக்கட்டும்."

யாரும் படிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில், ஓட்ஸ் கஞ்சி ஆறுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிற்பகல் ஊர் வரத் தொடங்கியது. முன்னறையில் பெட்டி, கூடத்தில் இரவல் நாற்காலிகள், சமையலறையில் அண்டா நிறையத் தேநீரும் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும். ஒவ்வொருவராக வந்து டெர்வ்லாவின் கையைப் பிடித்து, உன் துயரத்துக்கு வருந்துகிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அவள் எல்லாக் கைகளையும் பிடித்தாள். எந்தக் கை என்ன செய்தது என்று அவளுக்கு மறக்கவில்லை.

"தங்கமான மனுஷன்மா" என்றாள் யூனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அந்தத் தங்கமான மனுஷன் கையில மீதிச் சில்லறைய வைக்க ஒன்பது வருஷமா உங்களுக்குக் கை வரலையே, யூனா அக்கா."

யூனா கோப்பையைத் தட்டோடு மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் நின்ற ப்ரோகன் சாண்ட்விச்சை மெல்லுவதை நிறுத்தினான். டெர்வ்லா அடுத்த கைக்காகத் திரும்பினாள்.

நாலு மணிக்கு மேனஸ் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். பெட்டி இருந்த பக்கம் பார்க்கவில்லை.

"எப்படிம்மா போச்சு?"

"கஞ்சி கொடுத்தேன். ஆறட்டும்னார். பால் எடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள..."

"வலி இருந்துதா?"

"தெரியல சித்தப்பா. இருந்தாலும் சொல்ற ஆளா?"

மேனஸ் தலையை ஆட்டினார். பிறகு குரல் மாறியது. "டார்பி வர்றானாமே."

"முன்பக்கம் இடது மூலை. நான்தான் கொடுத்தேன்."

"அவனுக்கா? நீயும் உங்கப்பன மாதிரியே..." பாதியில் நிறுத்தினார்.

"முடிங்க சித்தப்பா. எங்கப்பா மாதிரியே என்ன? ஊர வித்துட்டேனா?"

டெர்வ்லா அவர் கையைப் பிடித்து அப்பாவின் எழுத்தறைக்குக் கூட்டிப்போனாள். அலமாரி நிறைய, பழுப்பு அட்டை போட்ட விவாதத் தொகுதிகள். அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்றை உருவி, பக்கத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

"படிங்க. டார்பி பிரஸ்ஸல்ஸுக்குக் கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, குழுவுல."

மேனஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிமேல் வைத்து உதடு அசையப் படித்தார்.

'அமைச்சர் அவர்களே, இந்த வெட்டுக்கு நான் சம்மதிக்கவில்லை. ராஸ்கீல் சம்மதிக்கவில்லை. மீறிக் கையெழுத்திடுவதானால் எங்கள் பெயரைச் சொல்லாமல் கையெழுத்திடுங்கள். நான் சொன்னது பதிவாக வேண்டும்.'

இரண்டாவது தடவை படித்தார். முன்னறையில் யாரோ செபமாலை தொடங்கியிருந்தார்கள்.

"இது எப்பலேர்ந்து இங்க இருக்கு?"

"அதுக்கு மறுவாரத்துலேர்ந்து. இங்க மட்டுமில்ல. நம்ம ஊர் நூலகத்துலயும் இருக்கு, ஐஸ் ஃபேக்டரிக்கு நேர் எதிர்ல. யாரும் தொட்டதில்ல."

"ஏன் எங்கிட்ட கொண்டுவந்து காட்டல?"

"நீங்க ஏன் வந்து கேக்கல? நடந்தா ஆறு நிமிஷம்."

மேனஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். வெகுநேரம் அந்தப் பக்கத்தின் மேலேயே கையை வைத்திருந்தார். அவர் அழுதால் டெர்வ்லா ஆறுதல் சொல்வதாக இல்லை. அவர் அழவில்லை. தொகுதியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"இத எடுத்துட்டுப் போறேன்."

"எங்க?"

"துறைமுகத்துக்கு." வாசலில் நின்று தொப்பியை மாட்டிக்கொண்டார். "நாளைக்குத் தோள் மாத்த ஆள் கூப்பிடறது என் பொறுப்பு. நீ எதுவும் பேசாம பின்னால நடந்து வா."

மறுநாள் காலை தூறல். வீட்டிலிருந்து தேவாலயத்துக்கு ஒன்றேகால் மைல்; துறைமுகத்தை ஒட்டி இறங்கி, பிறகு மேடு ஏற வேண்டும். ஆறு பேர் சுமப்பார்கள். நூறு அடிக்கு ஒருதரம் ஆள் மாறும். ஊரில் உள்ள ஆண்கள் எல்லோருக்கும் ஒரு முறை வரும்.

டார்பி கறுப்புக் கோட்டில் வந்து இறங்கினார். இப்போது அவர் வெளியுறவு அமைச்சர். பிரஸ்ஸல்ஸில் ஒரு பெரிய நாற்காலிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. டெர்வ்லாவின் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"உங்க அப்பா மாதிரி ஒருத்தர் இனிமே வரமாட்டாரும்மா."

"வரமாட்டார்" என்றாள் டெர்வ்லா.

புகைப்படக்காரர்கள் முன்னால் ஓடினார்கள். இடது மூலையில் டார்பி தோள் கொடுக்க, பெட்டி எழுந்தது. நூறு அடியில் மேனஸ் பெயர்களைக் கூப்பிட்டார். ஐந்து பெயர்கள். ஐந்து பேர் வந்து ஐந்து பேரை மாற்றினார்கள். டார்பி கம்பீரமாக முன்னால் பார்த்துக்கொண்டு நடந்தார். தன்னை மாற்றாமல் விட்டதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார் போலிருந்தது.

இருநூறாவது அடியில் மறுபடி ஐந்து பெயர்கள். முந்நூறில் ஐந்து. துறைமுகத்துக்கு வந்தபோது படகுக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். எண்பது பேர் இருப்பார்கள். டார்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒருவரும் நகரவில்லை. அப்போதுதான் டெர்வ்லாவுக்குச் சித்தப்பா என்ன செய்கிறார் என்று புரிந்தது. அது அவளுக்கு இனித்தது.

மேடு தொடங்கியது. அறுபத்தாறு வயது ஆள். காது சிவந்து, கழுத்துப் பட்டி நனைந்து, பெட்டியின் விளிம்பு கோட்டைத் தாண்டித் தோளில் இறங்கியிருந்தது. தலையைத் திருப்பி, "யாராவது கொஞ்சம்..." என்றார்.

"நேரா பாத்து நடங்க அமைச்சரே" என்றார் மேனஸ். "பெட்டி சாயுது."

அவருடைய செயலாளர் பெண் குடையோடு ஓடிவந்தாள். ப்ரோகன் குறுக்கே நின்று, "நீ பின்னால வாம்மா, வழுக்கும்" என்றான். புகைப்படக்காரர்களில் ஒருவன் மட்டும் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டு, அமைச்சரின் முகத்துக்குக் கிட்டே போய் எடுக்க ஆரம்பித்தான்.

டெர்வ்லா எட்டி நடந்து டார்பியின் பக்கத்தில் வந்தாள்.

"டெர்வ்லா... தோள் விட்டுப்போச்சு. யாரையாவது மாத்தச் சொல்லும்மா."

"பதிவத் திருத்துவீங்களா?"

"எந்தப் பதிவு?"

அவர் முகத்தில் நடிப்பைத் தேடினாள். வெளுத்துப்போவார், மழுப்புவார், கெஞ்சுவார் என்று ஒன்பது வருஷமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். இதற்கு வைத்திருக்கவில்லை.

"அப்பாவோட சம்மதத்தோட கையெழுத்துப் போட்டேன்னு சொன்னீங்களே. மன்றத்துல."

"அப்படியா சொன்னேன்?" மூச்சு இரைத்தது. "சொல்லியிருப்பேன்மா. அன்னைக்கு என்னென்னவோ கேட்டாங்க."

"ஒன்பது கடிதம் வந்துதே?"

"கடிதமெல்லாம்... ஆபீஸ்ல பிள்ளைங்க பாத்துக்குவாங்க."

அவருடைய முழங்காலின் பின்பக்கம் அவள் காலுக்கு வெகு அருகில் இருந்தது. ஒரே ஒரு உதை. அதை மனக்கண்ணில் முழுதாகப் பார்த்துவிட்டாள். அவரோடு சேர்ந்து அப்பாவும் விழுவார்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் அமைச்சரே" என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கினாள்.

தேவாலய வாசலில் அவர் கால் மடங்கியது. பெட்டி முன்பக்கமாகச் சரிந்தபோது மேனஸ் பாய்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அண்ணனுக்குக் கீழே தோளைக் கொடுக்கக் குனிந்தவர், டெர்வ்லாவைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் இப்போதுதான் அவர் அனுமதி கேட்கிறார்.

"வேண்டாம் சித்தப்பா" என்றாள். "நீங்களும் வேண்டாம்."

ராஸ்கீலில் பெண்கள் பெட்டி சுமப்பதில்லை. அவள் கைப்பையை வாசல் கல் தூணின்மேல் வைத்துவிட்டு இடது மூலைக்குள் நுழைந்தாள். டார்பி வெளியே தள்ளாடி, பேச்சுத் தாளை எடுக்கக் கோட்டின் உள்பையில் கையை விட்டார்.

"சர்ச்ல நான் ரெண்டு வார்த்தை..."

"உங்களுக்கு மூச்சு வாங்குது. இங்கயே உக்காருங்க." நனைந்த மதில் சுவரைக் காட்டினாள். மேனஸ் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

டெர்வ்லா மற்ற ஐந்து பேரைவிட ஒரு தலை குள்ளம். பெட்டி அவள் மூலையில் தாழ்ந்து, முழுப் பாரமும் அவள் பக்கம் வழிந்து வந்தது. முன்னால் ஏழு படிகள். கடைசித் தடவை கூப்பிட்டதில் வலது மூலைக்கு வந்திருந்த ப்ரோகன் முதலில் முழங்காலை மடக்கினான். பிறகு அவனுக்குப் பின்னால் இருந்தவன். பிறகு மற்ற மூவரும். பெட்டி மட்டத்துக்கு வந்தது.

ஐந்து பேரும் மடக்கிய முழங்காலோடு, ஒவ்வொரு படியாக ஏறினார்கள். டெர்வ்லா அவர்களுக்காக அவசரப்படவில்லை; மெதுவாகத்தான் நடந்தாள்.