இரண்டாவது பிரேக்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கார் பழகும் வண்டியின் பின் இருக்கையில். பாளையங்கோட்டை டிரைவிங் ஸ்கூலில் இருவர் இருவராகக் கூட்டிப்போவார்கள். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் பின்னால் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருப்பார். அன்று முதலில் ஓட்டியவள் சாலோமி, ஆஸ்பத்திரி நர்ஸ். லாரியைக் கண்டால் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்துவிடுவாள். பயத்தை மறக்கடிக்க, சொல்லிக்கொடுக்கும் முத்துராணி ஏதாவது கதை சொல்வாள். அன்று சொன்னது, தன் ஆள் தனக்கு வீடியோ கேம் காட்டிய கதை.

முடிவைச் சொல்வதற்குள் என் முறை வந்துவிட்டது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

தாமிரபரணியில் அன்று தண்ணீர் — இல்லை. ஆற்றுக்கு இந்தக் கதையில் வேலை கிடையாது.

காதல் என்பது இரண்டு கன்ட்ரோலர்கள் — இப்படி யாரும் நினைப்பதில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று சிவசண்முகம் கேட்டான். முதலில் உன் கேமைக் காட்டு என்றாள் முத்துராணி.

இது போதும்.

3

சிவசண்முகத்தின் ஊர் விக்கிரமசிங்கபுரம். பெருமாள்புரத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தான். (என்ன வேலை என்று அவள் சொல்லவில்லை. பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் நான் சேர்த்துவிட்டேன். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் மாப்பிள்ளை படத்தை வெட்டி ஒட்டுகிறவன்.) இரண்டு வருடத்துக்கு முன்னால் முத்துராணியிடம் கார் பழக வந்தான்.

முத்துராணிக்கு ஒரு வழக்கம் உண்டு. பழகும் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஒன்பது நாள் அவள் ஷூ அதைவிட்டு நகராது. பத்தாம் நாள் நாற்கரச் சாலையில் ஏறியதும் ஷூவைக் கழற்றுவாள். இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொள்வாள். இனி வண்டி உங்களுது என்பாள். அதற்குப் பயந்து பத்தாம் நாள் காய்ச்சல் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சிவசண்முகத்துக்குக் காய்ச்சல் வரவில்லை. நாங்குநேரி வரை ஓட்டினான். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அங்கே வானமாமலை கோயில் கோபுரம் தெரிந்த பிறகு திரும்பிப் பார்த்தான். அவள் சம்மணம் போட்டபடி கடலை தின்றுகொண்டிருந்தாள். தன்னை இவ்வளவு தூரம் நம்பிய ஆளை அவன் அதுவரை பார்த்ததில்லை.

அவன் தினமும் இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை போனை எடுக்க மாட்டான். டிவியில் கேம் விளையாடுவான். கல்யாணப் பேச்சை எடுத்தபோது முத்துராணி அதைத்தான் பிடித்தாள்.

“அந்த ரெண்டு மணி நேரம் நீ எங்கன இருக்கேன்னு எனக்குத் தெரியணும். அதைக் காட்டு. பெறவு சொல்லுதேன்.”

4

ஒரு வாரம் தயாரானான். சுடும் விளையாட்டு வேண்டாம். பந்து விளையாட்டு அவளுக்குப் பிடிக்காது. காரோட்டச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுகிறவளுக்குக் கார்ப் பந்தயம்தான் சரி என்று முடிவு செய்தான். இரண்டாவது கன்ட்ரோலரை ஈரத்துணியால் துடைத்தான்.

அவள் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, பயம் வந்தது. முதல் வளைவிலேயே மோதுவாள். மறுபடியும் மோதுவாள். எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடு அவள் சொல்லும் பதிலைத்தான் அவன் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும். எழுந்து கேமின் அமைப்புகளைத் திறந்தான். அவள் வண்டிக்கு மட்டும் தானியங்கி பிரேக்கையும் தானியங்கி ஸ்டியரிங்கையும் போட்டுவைத்தான். வளைவு வந்தால் வண்டி தானே வேகம் குறைத்துத் தானே திரும்பும். அவளிடம் சொல்ல வேண்டாம் என்றும் தீர்மானித்தான்.

(இங்கே எனக்குச் சந்தேகம். பத்தாம் நாளை மறக்காதவன் இதைச் செய்வானா? மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். செய்வான். பிரியம் மட்டும் இருந்தால் செய்ய மாட்டான். கூடவே பயமும் இருந்தது.)

5

ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தாள். வீட்டுக்கார அம்மா நீலாம்பாள் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். காப்பி கொடுக்க ஒருமுறை ஏறிவந்தார். டம்ளர் எடுக்க ஒருமுறை. மூன்றாம் முறை முறுக்குத் தட்டோடு வந்தவர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வளைவு வந்தால் முத்துராணியின் உடம்பும் சேர்ந்து சாய்ந்தது. ஹாரன் எங்கே என்று கேட்டாள். ஹாரன் கிடையாது என்றான். இண்டிகேட்டரும் கிடையாது என்று தெரிந்ததும், இவனுவளுக்கு யாரு லைசென்ஸ் குடுத்தா என்றாள். முதல் பந்தயத்தில் நான்காவதாக வந்தாள். அடுத்ததில் முதலாவது. நீலாம்பாள் கை தட்டினார். சிவசண்முகம் அதைவிடப் பலமாகத் தட்டினான்.

மூன்றாவது பந்தயம் மலைச் சாலையில். பாபநாசத்துக்கு மேலே போகிற ரோடு மாதிரியே கிடந்தது. கொண்டை ஊசி வளைவு வந்தது. முத்துராணி பிரேக் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். வண்டி வேகம் குறைந்தது, அழகாகத் திரும்பியது. அடுத்த வளைவிலும் எடுத்தாள். அங்கேயும் திரும்பியது. கன்ட்ரோலரை மடியில் வைத்தாள்.

“யாருலே பிரேக் போடுதது?”

(‘லே’ என்று அவனை அதற்கு முன் ஒருமுறைதான் கூப்பிட்டிருக்கிறாள். கார் பழகும்போது அவன் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்த அன்று.)

புது மாடல், வண்டியே போட்டுக்கொள்ளும் என்றான்.

“எட்டு வருசமா அடுத்தவங்களுக்கு நான் பிரேக் போடுதேன். எனக்கு ஒருத்தர் போட்டா உடம்புல தெரியாதா?”

நீலாம்பாள் முறுக்கைக் கடிக்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டார்.

சிவசண்முகம் உண்மையைச் சொன்னான். தோற்றால் அவளுக்குக் கோபம் வரும், அந்தக் கோபத்தில் வேண்டாம் என்றுவிடுவாள் என்று பயந்ததைச் சொன்னான். முத்துராணி திரையிலிருந்த வண்டியைக் காட்டினாள்.

“அப்ப நாளைக்கு நம்ம வீட்டுலயும் எனக்குத் தெரியாம ஒரு பிரேக் வச்சிருப்ப.”

சிவசண்முகம் எழுந்தான். அமைப்புகளைத் திறந்தான். ஒவ்வொன்றாக அணைத்தான். அணைப்பது அவளுக்குத் தெரியும்படி திரையிலிருந்து விலகி நின்றான். தன் கன்ட்ரோலரை டிவிக்கு மேலே வைத்தான். பிறகு கட்டிலில் ஏறி, இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

(இது நான் சேர்த்ததில்லை. முத்துராணியே சொன்னது. நானாக எழுதியிருந்தால், ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது என்று அடித்திருப்பேன்.)

6

மறுபடி தொடங்கினாள். முதல் வளைவில் பாறையில் மோதினாள். இரண்டாவதில் ஓடைக்குள் இறங்கினாள். ஒருமுறை வந்த திசையிலேயே திரும்பி ஓட்டினாள். அடுத்த சுற்றுக்கு வந்த மற்ற பதினோரு வண்டிகளும் எதிரே வந்தன. சிவசண்முகத்தின் வாய் வரை வார்த்தை வந்தது. முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

மற்ற வண்டிகளெல்லாம் முடித்துவிட்டன. விலகிக்கொள்கிறீர்களா என்று திரை கேட்டது. முத்துராணி இல்லை என்பதை அழுத்தினாள். காலியான மலைச் சாலையில் அவள் வண்டி மட்டும் முன்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கோடு, பைய ஏறியது. விட்டுராத தாயி என்று நீலாம்பாள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது இடம். பன்னிரண்டு பேரில்.

முத்துராணிக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலில் சம்மணத்தில் இருந்தவனைப் பார்த்தாள்.

“சரி. இப்ப சொல்லுதேன்.”

இந்த இடத்தில் சாலோமி வண்டியை ஓரங்கட்டினாள்.

7

முடிவுகள்:

அ. சரி என்கிறாள். மறுநாள் கடையில் அவன் தன் படத்தையே வெட்டி ஒட்டுகிறான், காது கொஞ்சம் போய்விடுகிறது. இதைப் பத்து நிமிடத்தில் எழுதினேன். அவ்வளவு சுலபமாக வந்ததால் நம்பவில்லை.

ஆ. பத்து நாள் கழித்துச் சொல்வதாகச் சொல்கிறாள். அந்தப் பத்து நாளும் இருவரும் சேர்ந்து தோற்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. என்றாலும் தள்ளிப்போட்ட முடிவு.

இ. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கி — இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றையும் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் வளைவு வரும் முன்பே வண்டி வேகம் குறைகிறது. பிரேக் போடுவது யார் என்று எனக்குத் தெரியும்.

8

சாலோமி பின்னால் போனாள். நான் முன்னால் வந்து உட்கார்ந்தேன். எனக்கு அன்று பத்தாம் நாள்.

நாற்கரச் சாலையில் ஏறியதும் பக்கத்தில் ஷூ கழற்றும் சத்தம் கேட்டது. முத்துராணி இரண்டு காலையும் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டாள். ஒன்பது நாளும் ஷூவுக்குள் இருந்த கால்கள். மெட்டி போட்டிருந்தால் இப்போது தெரியும். (கழுத்தில் தாலியைப் பார்க்கலாமே என்பீர்கள். துப்பட்டாவை மேலே ஏற்றி ஊசி குத்தியிருந்தாள்.)

அப்புறம் என்ன சொன்னீங்க என்று கேட்டேன்.

“ரோட்டைப் பாருங்க. இனி வண்டி உங்களுது.”

நான் ரோட்டைப் பார்க்கிறேன். முன்னால் வைக்கோல் லாரி. கண்ணாடியில் ஒரு பஸ். வலதுபக்கம் ஏறிப்போக இடம் இருக்கிறது. கடலைப் பொட்டலம் பிரியும் சத்தம் கேட்கிறது.

நீங்கள் பின்னால் சாலோமிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஓட்டும் வேலை இல்லை. இரண்டு இருக்கைக்கும் நடுவே கொஞ்சம் முன்னால் குனிந்தால் போதும், கால் தெரியும்.

என்னிடம் சொல்ல வேண்டாம். நான் லாரியைத் தாண்டப் போகிறேன்.