சோபாவில் ஐந்தாவது ஆள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சும்மாவா வரும்? முதலீட்டாளர் அனுப்பிய டெர்ம் ஷீட்டை நீங்களும் படித்துப் பாருங்கள், உங்களுக்கும் வரும். பணம் தருகிறேன் என்பது ஒரு வரி. என்னென்ன நிபந்தனையில் தருகிறேன் என்பது பக்கம் பக்கமாக. அதில் எனக்குப் புரிந்தது எங்கள் மூன்று பேர் பெயர் மட்டும்தான்.

மூன்று பேர் என்றால் என் தங்கை சின்னவள், அவள் கணவர், நான். படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி மாற்றும் கருவியைச் சின்னவள் வடிவமைத்தாள். மாப்பிள்ளை வெல்டர், இரும்புச் சட்டம் அவர் வேலை. ஆளைத் தாங்கும் துணித் தொட்டிலும் பெல்ட்டும் என் தையல். மருத்துவமனைகள் வாங்கின, இன்னும் கேட்டன. கேட்ட அளவுக்குச் செய்யக் கையில் காசில்லை. அந்த நேரத்தில் வந்தவர்தான் கண்ணாடி அம்மா. முதலீட்டு நிறுவனத் தலைவி. ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொன்று தலையில். நாங்கள் வைத்த பெயர் அது. அவர் எதிரில் மேடம்தான்.

சின்னவள் சாப்பாட்டு அறையில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அப்பாவிலிருந்து எல்லோருக்கும் பாடம்.

"பற்பசை ட்யூப் இன்னும் எத்தனை நாள் வரும்? அதான் ரன்வே. கையில இருக்கற காசு எவ்வளவு நாள் தாங்கும்கறது. இவர் எவ்வளவு பிதுக்கறாரோ, அது பர்ன் ரேட்."

"பிரஷ் முழுக்கப் பிதுக்கறார்" என்றேன். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

ப்ரீ-மனி மதிப்பு, பணம் வருவதற்கு முன் கம்பெனியின் மதிப்பு. போஸ்ட்-மனி, வந்த பணத்தையும் சேர்த்து. "கல்யாணத்துக்கு முன்னால மாப்பிள்ளை, பின்னால மாப்பிள்ளை" என்று சின்னவள் உதாரணம் சொல்ல, அப்பா, "நம்மாளு விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ் என்றால், கம்பெனியை விற்றால் முதலீட்டாளர் தான் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார். வீட்டில் முதல் கப் காபி அப்பாவுக்குப் போவதுபோல. அப்பாவுக்கு இன்னொரு பதவியும் கிடைத்தது, போர்டு அப்சர்வர். கூட்டத்தில் உட்காரலாம், வாக்குக் கிடையாது.

"வாயாவது திறக்கலாமா?"

"திறக்கலாம்ப்பா. கணக்குல சேராது."

"அது இந்த வீட்ல ஏற்கனவே நடக்கறதுதானே" என்று அவர் பேப்பரை விரித்தார்.

கேப் டேபிள்தான் முக்கியம். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற அட்டவணை. அதற்கு எங்கள் சோபாவை எடுத்துக்கொண்டாள். நான்கு பேர், ஆளுக்கு இருபத்தைந்து சதவீதம். பிறகு எல்லாவற்றையும் அழித்து இருபது, இருபது என்று எழுதினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: புது ஆள், இருபது. "புதுசா ஒருத்தர் வந்தா நம்ம பங்கு சுருங்கும். இதான் டைல்யூஷன்."

"யாருடி புது ஆள்?" என்றேன். அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். கோபக்காரிக்கும் கண்ணீர் வரும் என்று அன்றைக்கு எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை அழுததை நான் சொல்ல மாட்டேன்.

அழுது முடித்த பிறகுதான் வெஸ்டிங் பாடம் வந்தது. எங்கள் பங்கு மொத்தமாக உடனே எங்களுடையதாகிவிடாது. வேலை செய்யச் செய்ய, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும். முதல் வருடம் கிளிஃப். அதற்குள் முழுநேர வேலையை நிறுத்தினால் ஒரு பங்குகூட இல்லை. மாப்பிள்ளைக்கு உடனே புரிந்தது, அவரும் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் டிவி ரிமோட்டைத் தொட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை அந்த ஒரு வருடத்துக்குள்தான் பிறக்கும். கருவியைக் கண்டுபிடித்தவளே வெறும் கையோடு நிற்பாள்.

"கையெழுத்து ஆகறவரைக்கும் கண்ணாடி அம்மாகிட்ட சொல்ல வேணாம்க்கா. தெரிஞ்சா பின்வாங்கிடுவாங்க."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் போறியா?"

"வீடியோ கால்தானே. கழுத்துக்குக் கீழ தெரியாது."

கடைசிப் பேச்சுவார்த்தை மூன்று மாதம் கழித்து வந்தது. சாப்பாட்டு அறையில்தான் நல்ல வெளிச்சம். காமிராவில் அசிங்கமாக எதுவும் தெரியக் கூடாது என்று ஈரத்துணியை எடுத்தேன், துணிச்சுருளை நகர்த்தினேன், அப்பாவையும் ஓரத்துக்குத் தள்ளினேன். பலகை என் கண்ணில் படவே இல்லை. தினமும் பார்க்கிற சுவர் அல்லவா.

கண்ணாடி அம்மா திரையில் வந்தார். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் பேசினார். பிறகு தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"அங்க கேப் டேபிள்னு எழுதியிருக்கு. எனக்கு அனுப்பினதுல மூணு பேர். சுவத்துல அஞ்சு பேர் இருக்காங்க. யாரு இந்தப் புது ஆள்? இருபது சதவீதம் போட்டிருக்கீங்க?"

மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"அது... ஒரு ஆலோசகர் மேடம்."

"மறைச்சு வெச்ச பங்குதாரரா? அப்படின்னா நான் இங்கயே நிறுத்திக்கறேன். என்ன செய்யறார் அவர்?"

சின்னவள் கணவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து பக்கவாட்டில் திரும்பி நின்றாள்.

"இப்போதைக்கு உதைக்கறாங்க, மேடம்."

திரையில் அசைவே இல்லை. இணையம் நின்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். என் மூக்கு நுனி சிவந்துவிட்டது.

"மேடம், நான் இவ அக்கா. அது கம்பெனிக் கணக்கு இல்லை, எங்க சோபாக் கணக்கு. பாடம் படிச்சோம், அழிக்க மறந்துட்டேன். ஆனா உங்க கிளிஃப் எங்களுக்கு நல்லாப் புரிஞ்சுது. பிள்ளை பெத்துட்டு வர்றதுக்குள்ள இவ பங்கு போயிடும்னா, அந்தப் பெல்ட்டை வேற யாராவது தைக்கட்டும்!"

"அக்கா, உக்காரு" என்றாள் சின்னவள்.

"உக்கார மாட்டேன்."

கண்ணாடி அம்மா இரண்டு கண்ணாடியையும் கழற்றி மேசையில் வைத்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரமானது.

"பங்கை வாங்கிட்டு ஓடிப் போறவங்களுக்காக எழுதின வரி அது. பிள்ளை பெத்துக்கறது ஓடிப் போறதா? விடுப்பும் வேலை நாள்தான், வெஸ்டிங் நிக்காம ஓடும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்றேன். கேட்டிருந்தா முதல் நாளே சேர்த்திருப்பேன். ஆனா ஒண்ணு. இனிமே என்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. நல்ல செய்தியைக்கூட."

ஓரத்திலிருந்து அப்பா தலையை நீட்டினார். "அம்மா, இந்த லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ்ல, போட்ட பணத்தை முதல்ல எடுத்துட்டு மீதியிலயும் பங்கு கேப்பீங்கன்னு இருக்கே? முதல் கப் காபியையும் குடிச்சுட்டு மறுபடி வரிசைல நிக்கற மாதிரி?"

"இவர் யாரு?"

"போர்டு அப்சர்வர்" என்றோம் மூன்று பேரும்.

"நல்லாத்தான் கவனிக்கறார். ஆனா அது பேரம், சார். சண்டை போட்டுத்தான் வாங்கணும்." அந்தச் சண்டையைச் சின்னவள் போட்டாள். ஒரு கப்போடு முடிந்தது.

அடுத்த வருடம் ஒரு மத்தியான வேளையில் மெயில் வந்தது. கிளிஃப் தாண்டியாயிற்று, சின்னவளின் முதல் பங்குகள் இனி அவளுடையவை. பிரசவத்துக்கு எடுத்த விடுப்பில் ஒரு நாள்கூடக் கழிக்கவில்லை. கத்திக் கொண்டாட வாயைத் திறந்தேன், நான்கு கைகள் என் வாயைப் பொத்தின.

சோபாவில் புது ஆள் தூங்கிக்கொண்டிருந்தாள். குறுக்கே படுத்து, ஒரு கால் இந்தக் கைப்பிடியில், ஒரு கை அந்தப் பக்கம், சுற்றிலும் தலையணை. நாங்கள் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து காபி குடித்தோம். முதல் கப் சின்னவளுக்கு, அப்பாவே கொடுத்தார்.

அவள் கப்போடு எழுந்து போய், பலகையில் எங்கள் நான்கு பேருடைய இருபதையும் அழித்தாள். கடைசி வரியில் மட்டும் நூறு என்று எழுதினாள்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு" என்று கிசுகிசுத்தார் அப்பா.

"உங்களுக்கு வாக்கு இல்லைப்பா."

அவர் தரையிலேயே நகர்ந்து போய், பேத்தியின் நழுவிய காலை மறுபடி கைப்பிடியில் எடுத்து வைத்தார்.